அறுபது அபலோனும் ஒரு கரண்டிச் சாறும்

அபலோன் என்ற பெயரை யாராவது மரியாதையோடு சொன்னால் இன்றைக்கும் எனக்கு விசர் வரும். அது ஒரு கடல் நத்தை, வேறொன்றுமில்லை. பாறையோடு ஒட்டிக் கிடந்து பாசி மேய்கிற ஒற்றை ஓட்டு நத்தை. ஓட்டின் உட்புறம் மட்டும் முத்துச்சிப்பி போல மினுங்கும். அதைக் காயவைத்து, பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை எண்பதுகளின் நடுப்பகுதியில், லண்டன் சோஹோவில், ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் ஸிங்கடியில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். தெரியாமலே இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி.

அங்கே என் வேலை ஆட்கள் சாப்பிட்ட கோப்பை கழுவுவது. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன். அகதியாக வந்தவனுக்கு லண்டனில் யார் வெண்கட்டி எடுத்துத் தரப்போகிறார்கள்? மூன்று வருஷமாகக் கொதிதண்ணீரிலும் சவர்க்கார நுரையிலும் ஊறி ஊறி என் விரல்கள் வெடித்திருந்தன. சோற்றைப் பிசைந்தால் எரியும். விம்பிள்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில், வேலை முடிந்து வந்ததும் மனைவி என் கையை மடியில் வைத்து நல்லெண்ணெய் பூசுவாள். பூசிக்கொண்டே திட்டுவாள். கடையைத் திட்டுவாள், குளிரைத் திட்டுவாள், கடைசியில் என்னையும் திட்டுவாள்.

“அடுப்பில நிக்கிறவங்களுக்கு உங்களவிட என்ன தெரியும்? கேட்டுப் பாருங்கோவன். வாயில என்ன கொழுக்கட்டையே?”

அடுப்பு என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போதைய ஒரே பேச்சு. ஸிங்கிலிருந்து அடுப்புக்குப் போய்விட்டால் கை ஆறும், நானும் மனிசனாவேன். ஆனால் அந்தக் குசினியில் அடுப்புகள் எல்லாம் ஹொங்கொங் ஆட்களுக்கு. தலைமைச் சமையற்காரரை எல்லாரும் ‘சிஃபு’ என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் குரு என்று அர்த்தம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சத்தமே போடமாட்டார். அவர் கரண்டியைச் சட்டி விளிம்பில் ஒருதரம் தட்டினால் குசினி முழுக்க வாயை மூடும். என்னை அவர் ‘லங்கா’ என்று கூப்பிடுவார். அவருடைய ஆங்கிலம் துண்டுதுண்டாக வரும், என்னுடையதும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

ஒரு மாரியில் சிஃபுவுக்குக் கடும் காய்ச்சல் வந்து மூன்று கிழமை படுத்துவிட்டார். எழும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். வந்த இரண்டாம் நாள், கோப்பை எடுக்கப் போன என்னை மறித்து, பீங்கான் கரண்டியில் கொஞ்சம் சூப் அள்ளி நீட்டினார்.

“லங்கா. சொல்லு. எப்படி?”

குடித்துப் பார்த்தேன். “உப்புக் கொஞ்சம் காணாது, சிஃபு.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உப்புப் போட்டார். திரும்பவும் நீட்டினார். “இப்ப?” “இப்ப சரி.” தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தப் பெரிய சட்டி இறக்கினாலும், “லங்கா!” நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவேன். மற்றச் சமையற்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்! என்னைச் சோதிக்கிறார், பழக்குகிறார், அடுப்புக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஏன் என்னைக் கேட்கிறார் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. புகழ்ச்சி கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த ஐப்பசியில் ஒரு செய்தி வந்தது. இரண்டாம் அடுப்பில் நின்றவன் மன்செஸ்டருக்குப் போகிறான். அதே நேரம் கடைக்குப் பெரிய ஓடரும் வந்தது. கடை முதலாளியம்மாவின் நெடுநாள் வாடிக்கையாளர், பெரும் பணக்காரர் ஒருவருக்கு எழுபதாவது பிறந்தநாள். ஞாயிறு மத்தியானம், அறுபது பேருக்குச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு முழு அபலோன். சிஃபு என்னைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்பும் மண்ணிறமுமாக, கல்லுப் போல இறுகின அறுபது காய்ந்த நத்தைகள்.

“ஜப்பான்,” என்றார். அவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்க, ஓரம் தேன் நிறமாகத் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு எத்தனை நத்தை நிற்கும் என்றுதான் தரம் பிரிப்பார்களாம். எண்ணிக்கை குறையக் குறைய மதிப்புக் கூடுமாம். எங்கள் ஊரிலும் கடலட்டை பிடித்து அவித்துக் காயவைத்துச் சீனர்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் யாரும் அதைத் தின்றதில்லை. எங்கள் சனம் அருவருத்துத் தூக்கி அனுப்பியதை இவர்கள் கும்பிட்டுத் தின்கிறார்கள் என்று எனக்குள் சிரிப்புத்தான் வந்தது.

“மூன்று நாள் ஊறும். ஒரு நாள் வேகும். நீ கூட இரு. பிறந்தநாள் முடிந்தால், நீ இரண்டாம் அடுப்பு,” என்றார் சிஃபு.

வீட்டுக்குப் பறந்துதான் போனேன். சொன்னதும் மனைவி கையைக் கூப்பினாள். “முருகா! நான் நேர்ந்தது வீண்போகேல்ல!”

“என்ன நேர்ந்தனீர்?”

“உங்களுக்கு அடுப்பு கிடைக்கோணுமெண்டு கந்தசஷ்டி ஆறு நாளும் பால் பழத்தோட இருக்கப் போறன். செவ்வாய்க்கிழமை தொடங்குது. ஞாயிறு பின்னேரம் கோயில்ல சூரன்போர். நீங்களும் அந்த ஆறு நாளைக்கு மச்சம் நாக்கில படாமல் இருங்கோ. அதுமட்டும் காணும்.”

மீனோ இறைச்சியோ நாக்கில் படக்கூடாது. நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லும்போது என் வேலையே நாக்கில்தான் இருக்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது செவ்வாய்க்கிழமை மத்தியானம், சிஃபு பன்றியெலும்புச் சூப்போடு கரண்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

விரதம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு நாள் ருசி பார்க்கமாட்டேன் என்று சொன்னால் அடுப்பை எவன் தருவான்? பயந்துவிட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு கொழுப்பும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். எங்கள் வீடுகளில் சாமிக்குப் படைக்கிற சமையலை யாரும் ருசி பார்ப்பதில்லை. எச்சில் பட்டால் படையல் இல்லை. மனைவி மோதகத்துக்கோ சாம்பாருக்கோ நாக்கைக் கிட்டக் கொண்டுபோக மாட்டாள். மூடியைத் திறப்பாள், மணத்தை உள்ளே இழுப்பாள், கொதிக்கிற விதத்தைப் பார்ப்பாள், “உப்புச் சரி” என்பாள். ஒருநாளும் பிழைத்ததில்லை. இது எங்கள் சனத்துக்கு ரத்தத்தில் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அவள் உப்பைக் கையளவால் அறிந்தவள், தான் போட்ட உப்பு அவளுக்குத் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

கரண்டியை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, கொஞ்சம் திரும்பி நின்று, தொண்டையை அசைத்து, “சரி, சிஃபு” என்றேன். சூப் மேசைக்குப் போனது. ஒரு குறையும் வரவில்லை. புதன், வியாழன், வெள்ளி, எல்லா நாளும் அப்படியே. மூக்கு என்னைக் கைவிடவில்லை. நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு ஏறிவிட்டது. 

அதற்கிடையில் அந்தச் சனியன் நத்தைகளுக்கு நான் அடிமை. புதன் தொடக்கம் வெள்ளி வரை குளிர்தண்ணீரில் ஊறப்போட்டு, நேரத்துக்கு நேரம் தண்ணீர் மாற்றினேன். கல்லாகக் கிடந்தது மெல்ல மெல்லப் பொதுமி வந்தது. பிறகு பல்துலக்கும் பிரஷ் ஒன்றைத் தந்து, ஓரத்துக் கறுப்பை ஒவ்வொன்றிலும் உரசி எடுக்கச் சொன்னார்கள். வெடித்த விரலோடு அறுபது நத்தைக்குப் பல் விளக்கினேன்! அதைப் பார்த்து மீன் கொண்டுவந்த வெள்ளைக்காரன் சிரித்தான். பிரான்சுப் பக்கத்துத் தீவு ஒன்றில் பச்சையாகவே கிடைக்குமாம். கடல் நன்றாக வற்றுகிற சில நாட்களில் மட்டும்தான் எடுக்க விடுவார்களாம். இடுப்பளவு குளிர்தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடவேண்டுமாம். சிஃபு அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பச்சை வயிற்றுக்கு, காய்ந்தது மரியாதைக்கு என்றார்.

சனிக்கிழமை பெரிய மண்சட்டியில் மூங்கில் பாய் விரித்து, முற்றின கோழி, பன்றியெலும்பு, உப்பிட்டுக் காயவைத்த பன்றித்தொடை எல்லாம் அடுக்கி, நடுவில் அபலோனை வைத்துச் சிறு நெருப்பில் ஏற்றினார் சிஃபு. பின்னேரம் மூடியைத் திறந்து கரண்டியை நீட்டினார். கறுத்த சாறு. நான் முகர்ந்தேன். கோழி மணந்தது, தொடையிறைச்சி மணந்தது, ஆனால் ஏதோ கொஞ்சம் மந்தமாக இருந்ததுபோலப் பட்டது. சும்மா “சரி” என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது. இந்த முக்கியமான சட்டிக்கு ஏதாவது சொன்னால்தான் கெட்டித்தனம் என்று தோன்றியது.

“உப்புக் கொஞ்சம் காணாது, சிஃபு.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் சோயாவும் சிப்பிச் சோஸும் ஊற்றினார்.

உப்புக்கு மணம் இல்லை. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான்! நினைக்க நினைக்க இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

ஞாயிறு காலை சட்டி பாதியாக வற்றி, சாறு பாகு போல நின்றது. அது வற்ற வற்ற உப்பும் ஏறும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சிஃபு கரண்டி நிறைய அள்ளி நீட்டினார். அன்றைக்குக் குசினி முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றுதான் விரதத்தின் கடைசி நாள். ஐந்து நாள் தாண்டியாயிற்று, இந்த ஒரு கரண்டியில் முறிக்கிறதா? மூக்குக்கு நேரே பிடித்தேன். ஊதினேன். தொண்டையை அசைத்தேன். கரண்டியைக் கோப்பை அடுக்கும் மேசையில் மெதுவாக வைத்தேன்.

“நல்லது, சிஃபு. மிக நல்லது.”

அவர் மேசையை ஒருதரம் பார்த்தார். பிறகு, “அனுப்பு,” என்றார்.

அறுபது கோப்பை போனது. கால் மணித்தியாலம் இருக்கும். முதலாளியம்மா ஒரு கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு குசினிக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது. ஓரம் மட்டும் கடித்த முழு அபலோன் அதில் அப்படியே கிடந்தது. அவர்களுடைய மொழியில் என்னவோ சொல்லிக் கோப்பையைச் சிஃபுவுக்கு முன்னால் வைத்தார். எனக்கு மொழி விளங்கவில்லை, விஷயம் விளங்கியது.

சிஃபு கரண்டியால் சாற்றை அள்ளி வாயில் வைத்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இன்னொரு கரண்டி அள்ளிக் குடித்தார். தண்ணீர் குடிக்கிற மனிதனைப் போல நின்றார். பிறகு எல்லாருக்கும் முன்னால் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

“லங்கா. உப்பா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் காய்ச்சலோடு மனிதனுக்கு நாக்கு போய்விட்டது. உப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது. என்னைச் சோதிக்கவும் இல்லை, பழக்கவும் இல்லை. அந்தக் குசினியில் வாய் திறக்காமல், ஏன் எதற்கு என்று கேட்காமல் ருசி சொல்லக்கூடிய ஒரு நாக்கு அவருக்குத் தேவைப்பட்டது. அது கோப்பை கழுவுகிறவனுடையதாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த நாக்கைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத்தான் இரண்டாம் அடுப்பு. எனக்கு விளங்கியது முதலாளியம்மாவுக்கும் விளங்கியது. அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பின்னேரம் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் விம்பிள்டனுக்கு வந்து நேரே கோயிலுக்குப் போனேன். சூரன்போர் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. ஆறு நாள் பட்டினியில் வாடின முகத்தோடு மனைவி சிரித்தாள். “அடுப்பு கிடைச்சுதோ?”

வெளியே கூட்டிவந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவள் கடைசியில் சீறினாள்.

“ஏனப்பா, ஒரு சொட்டு நாக்கில வைச்சிருந்தா என்ன குடிமுழுகிப் போகுமே?”

“நீர்தானே மச்சம் படக்கூடாதெண்டு சொன்னனீர்!”

“ஆசைக்குத் தின்னாதேங்கோ எண்டு சொன்னன். அது உங்கட வேலையெல்லே! விரதமெண்டு டொக்டர் ரத்தத்தைத் தொடாமல் விடுவாரே? பொய் சொன்னால் மட்டும் விரதம் முறியாதோ?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் கோபம், முருகன் மேல் கோபம், அந்த நத்தை மேல் கோபம். எல்லாத்தையும்விட, அவள் சொன்னது சரி என்ற கோபம். என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். என் வாயில் மட்டும் என்றாலும் பரவாயில்லை. அந்த மனிதனுடைய வாயிலும் போட்டுவிட்டேன்.

சிஃபு அடுத்த கிழமை வரவில்லை. கத்திகளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார் என்று சொன்னார்கள். புதுச் சிஃபு தன் ஆட்களோடு வந்தார். எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஸிங்க். பிறகு வாகனம் ஓட்டப் பழகி மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டினேன், தெற்கு லண்டன் சட்டனில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். கை ஆறியது. அடுப்பு என்ற பேச்சு வீட்டில் நின்றுபோனது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, சோஹோவில் ஆளை இறக்கி, காரை நிறுத்திவிட்டு நடந்தபோது ஒரு சீனக் கடையின் கண்ணாடித் தொட்டியைக் கண்டேன். உள்ளே உயிரோடு அபலோன்கள். எல்லாம் சின்னன், உள்ளங்கைக்குள் அடங்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தன. எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு கிழவர், “வளர்த்தது,” என்றார். “தொட்டியில். பாசி போட்டு. கோழி மாதிரி.” திரும்பினேன். “லங்கா!” என்றார் அவர்.

தலை முழுக்க நரைத்திருந்தார் சிஃபு. மகளோடு இருக்கிறாராம், சமைப்பதில்லையாம். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

“அந்தச் சட்டி. நீ வாயில் வைக்கவில்லை.”

நான் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கரண்டி நிறையச் சாறு. மேசையில். நான் பார்த்தேன்.”

“பார்த்துமா அனுப்பினீர்கள்?” கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். “ஏன்? வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே!”

“வேறு ஆள் ஏன் என்று கேட்பான். நீ ஒருநாளும் கேட்கவில்லை.”

விரதத்தைப் பற்றிச் சொன்னேன், கொஞ்சம்தான் விளங்கியிருக்கும். “நீ அபலோன் தின்றிருக்கிறாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அறுபதை உரசிக் கழுவினவன், ஒரு துண்டு தின்றதில்லை. அவர் கடைக்காரனைக் கூப்பிட்டு இரண்டை எடுப்பித்து, பையில் போட்டு என் கையில் திணித்தார்.

“இஞ்சி, வெங்காயத்தாள், கொஞ்சம் சோயா. ஆவியில் ஐந்து நிமிஷம். தின். நான் அடுத்த வெள்ளிக்கிழமை இங்கே வருவேன். எப்படி என்று சொல்லு. எனக்குத் தெரியாது.”

வீட்டில் மனைவி தலை முழுகி, திருநீறு பூசி, விளக்கேற்றியிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குசினிக்குள் மச்சம் நுழைந்ததில்லை. பையைக் கண்டதும், “இண்டைக்கு என்ன கிழமையெண்டு தெரியுமோ?” என்றாள்.

“தெரியும். இது சிஃபு தந்தது. எப்பிடியெண்டு அவருக்குச் சொல்லோணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு விளக்கைச் சாமியறைக்குள் நகர்த்தி, கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். கரண்டியால் ஓட்டிலிருந்து கிளப்பி, உரசிக் கழுவி, ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்து இறக்கினேன். ஒரு துண்டைச் சாற்றோடு அள்ளி வாயில் வைத்தேன். இந்த முறை மூக்குக்குக் காட்டவில்லை. மெதுவாக மென்று விழுங்கினேன்.

“உப்புக் காணாது,” என்றேன்.

அவள் உப்புப் போத்தலை எடுத்து என் கையில் தந்தாள்.